செய்யாற்றில் ஒரு ராத்திரி

லாரி ட்யூப் வாங்கியாகிவிட்டது, தூண்டில் இருக்கிறது, வருகிற சனிக்கிழமை போகட்டுமா என்று கேட்கிறாய். உட்கார் தம்பி, டீ வரட்டும். தனியாக ஆற்றோடு மிதந்து போய், மீன் பிடித்து, கரையில் ஒரு ராத்திரி தங்கித் திரும்ப வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் நீ சாமானிலிருந்து ஆரம்பிக்கிறாய். உத்திரமேரூர் பக்கத்தில் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

செய்யாறு வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல். மழை பிடித்தால் நேர் எதிர். 2021 நவம்பரில், இது போய்ச் சேருகிற பாலாற்றில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனது. அந்தத் தண்ணீரில் ட்யூபும் ஒன்றுதான், தேங்காய் நெற்றும் ஒன்றுதான். இன்னொன்று: இங்கே மழை இல்லை என்பதை வைத்து ஆற்றைக் கணக்குப் போடாதே. செய்யாற்றின் தலைப்பு ஜவ்வாது மலையில். செங்கம் பக்கம் குப்பநத்தம் அணை இந்த ஆற்றின் குறுக்கேதான் நிற்கிறது. செண்பகத்தோப்பு அணையும் மிருகண்டா அணையும் இதன் கிளையாறுகளில். அங்கே மழை கொட்டி அணையைத் திறந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். அதுவும் ராத்திரியில் வந்தால் ஓசை கேட்டு எழுந்திருப்பதற்குள் பாய் நனைந்துவிடும்.

அப்படியானால் எப்போதுதான் போவது? வெள்ளம் வடிந்த பிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து பொங்கலை ஒட்டி, சில வாரங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், தெளிந்து, மணலைத் தடவிக்கொண்டு ஓடும். மழை பொய்த்த வருஷம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். போவதற்கு முந்தின நாள் ஆற்றுக்குப் போய் ஒரு காய்ந்த குச்சியைப் போட்டுப் பார். கரையில் 50 மீட்டர் அளந்து வைத்துக்கொள். குச்சி அதை 90 விநாடியில் கடந்தால், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம். பகலில் 4 மணி நேரம் மிதந்தால் 8 கிலோமீட்டர் போகலாம் என்று மனக்கணக்கு வரும். அதில் பாதியை வைத்துத் திட்டம் போடு. மேட்டு மணலில் ட்யூபைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம் யார் கணக்கிலும் வருவதில்லை. பொங்கல் சமயத்தில் சாயங்காலம் 6 மணிக்கே இருட்டிவிடும்; 4 மணிக்கெல்லாம் தங்கும் இடம் பார்த்துவிடு.

எங்கிருந்து எங்கே? வெங்கச்சேரி தடுப்பணைக்கு நன்றாகக் கீழே, மாகறல் தாண்டி இறங்கு. திருமுக்கூடலில் ஏறு. வேகவதியும் செய்யாறும் பாலாறும் கூடுகிற இடம் அது. அதற்கு அப்பால் ஆசைப்படாதே, பழையசீவரத்தில் தடுப்பணை இருக்கிறது. தடுப்பணை என்றால் சின்னப் பிள்ளைகள் குளிக்கிற இடம் என்று நினைக்கிறோம். மேலே வழிந்து விழுகிற தண்ணீர் அடியில் சுருண்டு மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். மிதக்கிற எதையும் வெளியே விடாமல் அங்கேயே உருட்டும். ட்யூபையும் ஆளையும் சேர்த்துத்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் தப்புவது கஷ்டம். மணல் அள்ளின குழிகளும் அப்படியே: முழங்கால் தண்ணீரில் நடக்கிறவன் அடுத்த அடியில் தலை மூழ்கிப் போவான். அதனால் லைஃப் ஜாக்கெட் கரை ஏறும் வரை உடம்பில் இருக்கட்டும். நடக்கும்போது ஒரு மூங்கில் கழியால் முன்னால் குத்திப் பார்த்து நட. ட்யூபின் வால்வு முதுகைக் கிழிக்கும், துணி சுற்றிக் கட்டு. கரையோரம் சீமைக் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது; பஞ்சர் ஆனால் கடை கிடையாது, கூடவே இன்னொரு ட்யூப் வேண்டும்.

மீனுக்கு வருவோம். ஓடுகிற தண்ணீரில் கிடைப்பது கெண்டை, ஜிலேபி. மடுவாகத் தேங்கின இடத்தில், இருட்டின பிறகு மண்புழு போட்டால் கெளுத்தி கவ்வும். கொக்கியைக் கழற்றும்போது முள் குத்தினால் கை விண்விண்ணென்று வலிக்கும், துணியால் பிடி. விரால் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு மேய்ந்தால் தூண்டிலை எடுத்துவிடு. தாயைப் பிடித்தால் அந்தக் கூட்டமே போச்சு. ஏரியில் போடலாமே என்று கேட்காதே. ஏரிகளில் மீன்பாசி குத்தகை உண்டு; ஏலம் எடுத்தவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டைதான். தண்ணீருக்குக் கேள்விமுறை உத்திரமேரூருக்குப் புதிதல்ல. 921-ஆம் வருஷத்துப் பராந்தகன் கல்வெட்டில், குடவோலை எடுத்துத் தேர்ந்த 30 பேரில் 6 பேரை ஏரி வாரியத்துக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள். கோயில் சுவரில் நீயே பார்த்திருப்பாய். வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் தூண்டிலோடு தலை காட்டவே கூடாது, அது பறவைகள் சரணாலயம்.

படுக்கை ஆற்று மணலில் வேண்டாம், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும். வெள்ளம் தொட்ட அடையாளம் மரத்தில் சருகும் பிளாஸ்டிக்கும் தொங்குகிற உயரத்தில் தெரியும். அதற்கும் மேலே போ. பாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடி விரியன் கடித்தால் வலியிலேயே தெரிந்துவிடும். கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரி தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது, விடியும்போது இமை திறக்காது. கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிப் படு. பாதிப் பயம் தீர்ந்தது. கடிபட்டால் கீறாதே, கட்டாதே, 108-ஐக் கூப்பிடு. வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுக்கிறதே, அந்த மாதிரி விஷத்திலிருந்து செய்கிற மருந்துதான் ஆஸ்பத்திரியில் ஏற்றுவது. நீ கரை ஏறப்போகிற திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கையோடு ஒரு மருத்துவமனை இருந்ததைப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இன்றைக்கு உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ செங்கல்பட்டுக்கோதான் ஓட வேண்டும். எது பக்கம் என்று கிளம்பும் முன்பே பார்த்து வை.

தனியாகப் போகிறேன் என்பதற்கு யாருக்கும் தெரியாமல் போகிறேன் என்று அர்த்தம் இல்லை. உன் அண்ணனிடம் ஒரு தாளில் எழுதிக் கொடு: இறங்கும் இடம், ஏறும் இடம், தங்க நினைக்கிற கரையின் ஊர்ப் பெயர். ராத்திரி 8 மணிக்கு ஒரு போன், காலை 10 மணிக்கு ஒரு போன். சிக்னல் இல்லாவிட்டால் மேட்டுக்கு நடந்து போய்ப் பேசு. 10 மணி தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் நீ பேசவில்லை என்றால் அவர் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது; 112-க்குக் கூப்பிட்டு, அந்தத் தாளில் இருக்கிற ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். கிளம்பும் அன்று காலையில் நீர்வளத்துறை கரையோர எச்சரிக்கை ஏதாவது கொடுத்திருக்கிறதா என்று மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-இல் கேள். கொடுத்திருந்தால் ட்யூபில் காற்றே அடிக்காதே.