மூட்டு வலியும் மாத்திரை அட்டையும்

காலையில் எழுந்தால் முழங்கால் மடங்கவில்லை. படி ஏறினால் வலிக்கிறது. கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. நம் நாட்டில் வயதான பலருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. சுமை தூக்குபவர்கள், குந்தி உட்கார்ந்து வேலை செய்பவர்கள் சிலருக்கு நாற்பது வயதிலேயே வந்துவிடுகிறது.

வலி தாங்காமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இது ஆபத்தான பழக்கம்.

மூட்டு ஏன் வலிக்கிறது?

இரண்டு எலும்புகள் சேரும் இடம்தான் மூட்டு. எலும்பின் நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது ஒரு மெத்தை போல. வயது ஆக ஆக அது தேய்கிறது. உடல் எடை கூடினால் இன்னும் வேகமாகத் தேய்கிறது. இதுதான் மூட்டுத் தேய்மானம். முழங்காலில் அதிகம் வரும். நடந்தால் வலி கூடும். ஓய்வு எடுத்தால் குறையும்.

முடக்கு வாதம் வேறு நோய். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. இது இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும். கவனிக்காமல் விட்டால் விரல்கள் கோணிப்போகும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் தடுக்கலாம்.

இரண்டு நோய்க்கும் மருந்து வேறு. ஆகவே முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெயர் இரண்டு, மருந்து ஒன்று

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை வலி மாத்திரைகள். இவற்றைச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். பல நாள் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரலாம். சிறுநீரகம் கெடலாம். இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஒரு பெண்ணுக்கு முழங்கால் வலி என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வலி முழுதும் போகவில்லை. கடையில் வேறு மாத்திரை வாங்கினாள். இரண்டையும் சேர்த்துப் போட்டாள். அட்டையின் நிறம் வேறு. கம்பெனி பெயர் வேறு. ஆனால் இரண்டிலும் இருப்பது டைக்ளோஃபெனாக். அவள் உடம்புக்குள் இரண்டு மடங்கு மருந்து போகிறது. வயிற்றில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பாராசிட்டமால் வயிற்றை அவ்வளவாகப் புண்ணாக்காது. ஆனால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். பல மூட்டு வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. அதோடு காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அளவு கூடிவிடும்.

முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுப்பார்கள். நல்ல மருந்துதான். ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிர் போகலாம். எந்தக் கிழமை என்று எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். கர்ப்பிணிகள் இதைப் போடக் கூடாது.

பெயர் இல்லாத பொடி

பொட்டலத்தில் பெயர் இருக்காது. ஒரே நாளில் வலி பறந்துவிடும். இப்படிப்பட்ட பொடிகளில் சில சமயம் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும். சர்க்கரை ஏறும். எலும்பு பலம் இழக்கும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்துதான். நீங்கள் சாப்பிட்டு வந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. வீங்கிச் சூடாக இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி இதம் தரும். தெற்கே நல்லெண்ணெய், கேரளத்தில் தைலம், வடக்கே கடுகெண்ணெய் தேய்ப்பது வழக்கம். மெதுவாகத் தேய்த்தால் சுகமாக இருக்கும். ஆனால் தேய்ந்த மூட்டு அதனால் வளராது. இஞ்சி, மஞ்சள், முடக்கத்தான் கீரை ஆகியவற்றைச் சமையலில் சேர்க்கலாம். அவற்றை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். சூடு போடவே கூடாது.

முழங்காலுக்கு நல்ல மருந்து பயிற்சி. நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டித் தூக்குங்கள். ஐந்து எண்ணும் வரை வைத்திருங்கள். பிறகு இறக்குங்கள். இப்படி ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் பாரம் குறையும். எடை அதிகம் உள்ளவர்கள் 1 கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது. சம்மணம் போடுவதையும் குந்துவதையும் குறையுங்கள். கைத்தடியை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள்.

நோட்டில் எழுதுங்கள்

மாத்திரை அட்டையில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் இருக்கும். அதனால் தயங்க வேண்டாம். "உள்ளே என்ன மருந்து இருக்கிறது?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, வேளை, எத்தனை நாள், காலாவதித் தேதி ஆகிய ஐந்தையும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் பணமும் மிச்சம். 2008 முதல் நடந்துவரும் மக்கள் மருந்தகங்களில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

புது மாத்திரை வாங்கும்போது நோட்டைப் பாருங்கள். அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போதும் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.