ஊருக்கு ஒரு பருவம். தில்லியில் ஒரே கணக்கு

புது தில்லி: நாடாளுமன்றம் ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது: பட்ஜெட் கூட்டத்தொடர், மழைக்காலக் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர். இன்ஃப்ளூயன்சா எனப்படும் சளிக்காய்ச்சலும் இந்தியாவில் ஏறத்தாழ இந்த மூன்று பருவங்களில்தான் தலைதூக்குகிறது. வேறுபாடு என்னவென்றால், நாடாளுமன்றம் மூன்று முறையும் தில்லியில்தான் கூடும். காய்ச்சல் பருவத்துக்கு ஓர் இடத்தில் உச்சத்தைத் தொடும்.

2009 முதல் 2013 வரை ஸ்ரீநகரில் தொடங்கி கேரளம் வரை நடத்தப்பட்ட தொடர் கண்காணிப்பில் இது தெளிவானது. காஷ்மீரில் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். தில்லி, புணே, கொல்கத்தா போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உச்சம். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் உச்சம். அதாவது, இந்தியா பூகோளப்படி வட கோளத்தில் இருந்தாலும், அதன் பெரும்பகுதியில் இந்தக் காய்ச்சல் மழையைப் பின்தொடர்கிறது. ஐரோப்பாவைப் போலக் குளிரை அல்ல.

இது வெறும் ஆராய்ச்சி விவரம் அல்ல. சளிக்காய்ச்சல் தடுப்பூசியில் எந்தெந்த வைரஸ் வகைகள் இடம்பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை பரிந்துரைக்கிறது: வட கோள நாடுகளுக்குப் பிப்ரவரியில், தென் கோள நாடுகளுக்குச் செப்டம்பரில். வட கோளத் தடுப்பூசி விற்பனைக்கு வரும் செப்டம்பர், அக்டோபரில் புணேயிலும் தில்லியிலும் மழைக்கால அலை ஓய்ந்திருக்கும். எனவேதான் பெரும்பாலான பகுதிகளுக்கு ஏப்ரல், மே மாதங்களிலும், காஷ்மீருக்கு மட்டும் மழைக்காலத்துக்குப் பின்னரும் ஊசி போடுவதே பயன் தரும் என்று அந்த ஆய்வாளர்கள் கூறினர். தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சளிக்காய்ச்சலுக்கு இடம் இல்லை. கையில் பணமும் விவரமும் உள்ளவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். அதிலும் சரியான மாதம் எது என்று அறிந்தவர்கள் சிலரே.

கொள்ளைநோய் கலைத்த நாள்காட்டி:

வழக்கமான இந்த நாள்காட்டியை உலகளாவிய கொள்ளைநோய் கலைத்துப் போடுகிறது. 1918-ல் மும்பைத் துறைமுகத்தில் நுழைந்த காய்ச்சல் ரயில் பாதைகள் வழியே நாடெங்கும் பரவி, ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொன்றது. பருவமழை பொய்த்த ஆண்டு அது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-21.

பன்றிக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற எச்1என்1 வைரஸ் 2009 மே மாதம் ஹைதராபாதில், அமெரிக்காவிலிருந்து வந்த பயணி ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டது. ஆகஸ்ட் 3-ல் புணேயில் பள்ளி மாணவி ஒருவர் இறந்தார்; நாட்டின் முதல் பலி அது. பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. அன்றைய சுகாதார அமைச்சர் குலாம் நபி ஆசாத் அவையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு 981 பேரும், 2010-ல் 1,763 பேரும் இறந்தனர். அதுவரை ஆண்டுதோறும் சுற்றிவந்த பழைய எச்1என்1 வகை இருந்த இடம் தெரியாமல் மறைந்து, புதியதே பருவ நோயாகக் குடியேறியது.

2010 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் முடிந்ததாக அறிவித்தது. 2011-ல் 75 பேர் மட்டுமே இறந்ததால், இங்கும் அப்படியே எண்ணிக்கொண்டோம். 2015 பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கியபோது ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. ஆமதாபாதில் பொதுமக்கள் கூட்டமாகச் சேருவதற்கு 144 தடையுத்தரவே போடப்பட்டது. அவ்வாண்டு 42,592 பேர் பாதிக்கப்பட்டு 2,990 பேர் உயிரிழந்தனர். கொள்ளைநோய் ஆண்டுகளான 2009, 2010 இரண்டையும் சேர்த்தாலும் இந்த அளவுக்கு மரணம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நூறு பேரில் ஏழு பேரைக் கொல்லும் நோய் என்று இந்த எண்களைப் படிக்கக் கூடாது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிப்படி நோயாளிகள் ஏ, பி, சி என மூன்று பிரிவினர்; மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டிய 'சி' பிரிவினருக்குத்தான் பரிசோதனை. வீட்டிலேயே கஷாயம் குடித்துக் குணமானவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. கூடுதலாகப் பரிசோதிக்கும் மாநிலம் கூடுதல் நோயாளிகளைக் காட்டும். அதற்காக அந்த மாநில அரசை எதிர்க்கட்சிகள் சாடுவதையும் பார்த்திருக்கிறோம்.

கரோனாவுக்குப் பின்:

2019-ல் 28,798 ஆக இருந்த எச்1என்1 பாதிப்பு, 2020-ல் 2,752 ஆகவும், 2021-ல் 778 ஆகவும் சரிந்தது. முகக் கவசம், பள்ளி மூடல், பயணக் கட்டுப்பாடு ஆகியவை கரோனாவைவிட சளிக்காய்ச்சலையே எளிதில் முடக்கின. ஆய்வகங்களின் கவனம் முழுவதும் கரோனா பக்கம் திரும்பியதும் இந்தச் சரிவில் ஒரு பங்கு வகித்திருக்கும். நாடாளுமன்றமும் அப்போது வழக்கப்படி நடக்கவில்லை. 2020 செப்டம்பரில் கேள்வி நேரம் இல்லாமலேயே மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்தது; அவ்வாண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் கூட்டப்படவே இல்லை.

இரு ஆண்டுகள் வைரஸைச் சந்திக்காததால் மக்களிடம் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருந்தது. 2022-ல் 13,202 பேருக்குப் பாதிப்பு, 410 மரணம். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய எச்3என்2 வகைக் காய்ச்சல், 2023 மார்ச்சில் கர்நாடகத்திலும் ஹரியாணாவிலும் உயிர்ப் பலி வாங்கியது. மறுபுறம், பி வகையின் யமகாட்டா பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதி செய்யப்படவில்லை. நான்கு வகைகளைக் கொண்ட தடுப்பூசியை மூன்றாகக் குறைக்கும் அளவுக்கு அது மறைந்துவிட்டது.

அந்த மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட விளக்கம் குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு உச்சங்கள். ஒன்று ஜனவரி முதல் மார்ச் வரை, மற்றொன்று பருவமழைக்குப் பின் என்றது அது. எந்தப் பருவமழை? புணேயில் உச்சம் வருவது மழைக்குப் பின் அல்ல, மழையின் நடுவில். சென்னைக்கு அக்டோபர் என்பது மழையின் தொடக்கம். நாடு முழுமைக்கும் ஒரே வாக்கியம் எழுதினால் இப்படித்தான் முடியும்.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பது அமைச்சர்கள் அவையில் வழக்கமாகக் கூறும் பதில். அது உண்மையே. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுநோய் பரவுவதைத் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-வது இனம். எந்த மாநிலத்தில் எந்த மாதம் அலை எழும் என்று கணித்து, மருந்தையும் ஊசியையும் முன்கூட்டி அனுப்புவது மத்திய அரசால் மட்டுமே செய்ய முடிந்த வேலை. கரோனாவின் தொடக்கத்தில் புணேயில் மட்டும் இருந்த பரிசோதனை வசதி பின்னர் நாடெங்கும் மூவாயிரத்துக்கும் அதிகமான ஆய்வகங்களாகப் பெருகியது. எனவே வசதி இல்லை என்ற சாக்கும் இனி செல்லாது.

உறுப்பினர்கள் கேட்கும்போது அமைச்சகம் இணைப்பாகத் தரும் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக, எச்1என்1 பாதிப்பும் மரணமும் இருக்கும். எச்3என்2 அதில் இல்லை. 2015-ன் அட்டவணையில் மரணத்தில் முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு. பிப்ரவரியில் திணறிய ராஜஸ்தானின் கதை அதில் தெரியாது. மாதம் என்றொரு பத்தியே அதில் கிடையாது.