ஆட்கள் அதே ஆட்கள்தான்

ஒரு நிறுவனம் சரியத் தொடங்கினால் முதலில் எழும் குற்றச்சாட்டு, 'ஆட்கள் சரியில்லை' என்பது. கலிபோர்னியாவின் பிரீமான்ட் நகரில் இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சகஜம். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. வெளியே வந்த கார்களிலோ குறைகள். 1982-இல் ஆலையை மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 'நும்மி' என்ற பெயரில் அதை மீண்டும் திறந்தபோது, நிர்வாகம் டொயோட்டாவின் கைக்குப் போனது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்கள், சங்கமும் பழையதே. ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் தரத்தில் அமெரிக்காவின் முன்னணி கார் ஆலைகளில் ஒன்றாக அது உயர்ந்தது.

மாறியது வேலையின் ஒழுங்கு. முன்பு உற்பத்தி வரிசை எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. குறையோடு நகர்ந்த காரைக் கடைசியில் சரிசெய்வார்கள். டொயோட்டா முறையிலோ, குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உதவிக்கு ஓடி வருவார். உடனே தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். ஒவ்வொரு நிமிடமும் பணமாகும் இடத்தில் இந்த உரிமையைக் கடைநிலைத் தொழிலாளியிடம் கொடுப்பது சாதாரண முடிவல்ல. 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோதும் வாக்களித்தபடியே ஆட்குறைப்பு செய்யாமல், மிஞ்சிய நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். சொன்ன வார்த்தையை நிர்வாகம் காப்பாற்றும் என்று தொழிலாளர்கள் நம்பியது அப்போதுதான்.

ஒருமுறை வேலை போன பயம்தான் இவர்களைத் திருத்தியது என்று சிலர் வாதிடலாம். பயம் ஒருவரை நேரத்துக்கு வரவழைக்கும்; தன் கையால் நேர்ந்த பிழையைத் தானே சொல்ல வைக்காது, மறைக்கத்தான் வைக்கும். மூடல் அபாயத்தில் இருந்த வான் நைஸ் ஆலையிலும் ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைப் புகுத்திப் பார்த்தது. அதிகாரிகளும் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் நம்பாததால் அது வேரூன்றவில்லை. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது. நும்மியும் 2010-இல் மூடப்பட்டதே என்றால், உண்மைதான்: திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் முந்தைய ஆண்டே கூட்டிலிருந்து விலகியிருந்தது. நல்ல நிர்வாகம் ஓர் ஆலையின் தரத்தை உயர்த்தும். தாய் நிறுவனங்களின் கணக்குகளை அதனால் மாற்ற முடியாது.

எனவே ஆட்களை மாற்றக் கிளம்பும் தலைவர்கள் முதலில் ஒன்றைச் சோதிக்கட்டும்: தங்கள் நிறுவனத்தின் கடைசி ஊழியரால், 'இது தவறு, நிறுத்துங்கள்' என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், திருத்த வேண்டிய இடம் தலைமைதான்.