‘ஆன’வும் ‘ஆக’வும் தெரிந்தால் ஆங்கிலமும் எளிது

தெம்பனிஸ் வீவக வீடுகளில் மாலை நேரத்தில் பிள்ளையின் ஆங்கிலப் பயிற்சித்தாளோடு போராடும் தமிழ்ப் பெற்றோர் பலர். வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. ‘குட்’, ‘வெல்’ குழப்பத்தை எடுத்துக்கொண்டால், அந்த அச்சம் தேவையற்றது என்பது புரியும்.

1999ஆம் ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையில், அன்றைய பிரதமர் கோ சோக் டோங், புவா சூ காங் என்ற தொலைக்காட்சிக் கதாபாத்திரத்தின் ஆங்கிலத்தைச் சுட்டிக்காட்டிப் பேசினார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஸ்பீக் குட் இங்கிலீஷ்’ இயக்கத்தையும் தொடங்கிவைத்தார். அதன் முழக்கவரி ‘ஸ்பீக் வெல், பி அண்டர்ஸ்டுட்’. இயக்கத்தின் பெயரில் உள்ள ‘குட்’, ஆங்கிலம் என்ற பெயருக்கு அடை. முழக்கத்தில் உள்ள ‘வெல்’, பேசு என்ற வினைக்கு அடை.

தமிழிலும் இதே வேறுபாடு உண்டு. ‘கவனமான ஓட்டுநர்’, ‘கவனமாக ஓட்டு’. ‘ஆன’ பெயரைத் தழுவும். ‘ஆக’ வினையைத் தழுவும். ஆங்கிலத்தில் முன்னது ‘கேர்ஃபுல்’, பின்னது ‘கேர்ஃபுலி’.

ஓரிடத்தில் மட்டும் இந்த வழி காலை வாரிவிடும். ‘சாப்பாடு சுவையாக இருக்கிறது’ என்பதில் ‘ஆக’ வருகிறதே என்று ‘டேஸ்ட்ஸ் டெலிஷஸ்லி’ என எழுதக்கூடாது. ‘டேஸ்ட்ஸ் டெலிஷஸ்’ என்பதே சரி. இங்கே சொல்லப்படுவது சாப்பாட்டின் தன்மை. அது செய்த செயல் அல்ல. வினைக்குப் பதிலாக ‘இஸ்’ போட்டுப் பார்த்தால், பொருள் பெரிதும் மாறாதபோது பெயரடையே வரும். ‘லுக்ஸ் ஹேப்பி’, ‘சவுண்ட்ஸ் குட்’ ஆகியவையும் இப்படித்தான்.

‘லி’ என்ற ஈற்றையும் கண்மூடி நம்பக்கூடாது. ‘ஃபிரண்ட்லி’ பெயரடை. ‘ஃபாஸ்ட்’ இரண்டுக்கும் பொது. வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வொர்க் ஹார்ட்’ என்றால் கடும் உழைப்பாளி. ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்றால் வேலையே செய்யாதவர்! ஒரு ‘லி’யால் வேலையே கைநழுவிப் போகலாம்.

ஆகவே, பிள்ளை தடுமாறும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்தச் சொல் எதை விளக்குகிறது, பெயரையா, வினையையா?” அதைத் தமிழிலேயே கேட்கலாம். தமிழில் தெளிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணமும் கைவரும்.