‘பாஸ்’ என்னும் சிறு சொல்

உச்சிப்புளியில் மாலை வேளைகளில் பங்கு இல்லத் திண்ணையில் பிள்ளைகள் சிலர் பாடம் படிக்க வருவதுண்டு. சென்ற மாதம் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கலங்கிய கண்களோடு வந்து நம்மிடம் ஒரு தாளை நீட்டினாள். கடல் தொழில் செய்து வந்த அவளுடைய தாத்தா காலமானபோது பள்ளிக்கு எழுதிய விடுப்புக் கடிதம் அது. ‘மை கிராண்ட்ஃபாதர் பாஸ்டு அவுட்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, “தாத்தாவுக்கு மயக்கம் தெளிந்துவிட்டதா?” என்று அக்கறையோடு வினவினாராம். மறுமொழி கூற நா எழாமல் அவள் உட்கார்ந்துவிட்டாளாம்.

“சாமி, நான் எழுதியதில் என்ன பிழை?” என்றாள்.

பிழை அவளுடையது மட்டுமன்று. நம் இல்லங்களில் ‘பாஸ்’ என்றால் தேர்வில் தேறுதல். மிஞ்சினால், பேருந்தில் காட்டும் பயண அட்டை. ஆனால் அச்சொல்லின் அடிப்பொருள் ‘கடந்து செல்லுதல்’ என்பதே. காலடியைக் குறிக்கும் ‘பாசுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று தோன்றி, பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது அது.

இதற்குச் சான்று நம் கண்முன்னே உள்ளது. உச்சிப்புளியில் இரயிலேறி இராமேசுவரம் செல்வோர் பாம்பன் பாலத்தைக் கடக்கிறோம். பாலத்தின் கீழுள்ள கடற்கால்வாய்க்கு ஆங்கிலத்தில் ‘பாம்பன் பாஸ்’ என்று பெயர். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும்பிக் கப்பலுக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக உயர்கிறது. மேலே இரயில் கடந்தாலும், கீழே கப்பல் கடந்தாலும் ‘பாஸ்’ என்பதே வினை. மலைகளுக்கிடையே உள்ள கணவாயும் ‘பாஸ்’ தான். சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறுவதும், விளையாட்டில் பந்து ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்வதும் அவ்வாறே. ‘பாஸ் த சால்ட்’ என்றால் உப்பை இப்படிக் கொடுங்கள் என்று பொருள்.

இச்சொல்லை அடுத்து நிற்கும் சிறு சொல்லே பொருளை மாற்றிவிடுகிறது. ‘பாஸ் பை’ என்றால் அருகே கடந்து செல்லுதல். ‘பாஸ் அவே’ என்றால் காலமாதல். ‘பாஸ் அவுட்’ என்றாலோ மயங்கி விழுதல். படிப்பை முடித்து வெளியேறுவதையும் நம் நாட்டில் ‘பாஸ் அவுட்’ என்கிறோம். வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலில் அவ்வாறு கூறினால் கேட்பவர் திகைக்கக்கூடும். ‘கிராஜுவேட்டட்’ என்று கூறுதல் நலம்.

விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் இஸ்ரயேலரின் வீடுகளைக் கடந்து சென்றதைக் குறித்து எழுந்த திருவிழாவை ஆங்கிலேயர் ‘பாஸ்ஓவர்’ என்பர். ஆயினும் நாம் வழங்கும் ‘பாஸ்கா’ அதினின்று வந்ததன்று. ‘பெசாக்’ என்னும் எபிரேயச் சொல்லின் வழி வந்தது. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு உறவு கொண்டாடலாகாது.

இவற்றையெல்லாம் விளக்கிய பின், “‘பாஸ்ட் டென்ஸ்’ என்பதற்குத் தமிழ் என்ன?” என்று அச்சிறுமியைக் கேட்டோம்.

“இறந்த காலம், சாமி.”

“காலம் எப்படியம்மா இறக்கும்?”

அவள் விழித்தாள். பழந்தமிழில் ‘இறத்தல்’ என்பதற்குக் கடத்தல் என்று பொருள். கடந்துபோன காலமே இறந்த காலம். இவ்வுலகைக் கடந்து சென்றவரையே நம் முன்னோர் இறந்தவர் என்றனர். ‘பாஸ் அவே’ என்று ஆங்கிலேயர் கூறுவதும் அதுவே. இரு மொழிகளும் தொலைவில் பிறந்தவை. ஆயினும் மரணத்தை முடிவென்னாமல் கடத்தல் என்றே இரண்டும் உரைத்தன.

பெற்றோரே, பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லொன்றுக்கு ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதுமென்று இருந்துவிடாதீர்கள். சொல்லை அதன் துணைச் சொல்லோடும் முழு வாக்கியத்தோடும் கற்கச் செய்யுங்கள். இல்லையேல், துயர வேளையில் அதுவே அவர்களைக் கைவிட்டுவிடும்.

சிறுமி ‘அவுட்’ என்பதை அடித்துவிட்டு ‘அவே’ என்று எழுதினாள். பின் சற்றுநேரம் தாளையே பார்த்திருந்தவள், “அந்தப் பாம்பன் பாஸை எங்கள் தாத்தா வள்ளத்தில் எத்தனை முறை கடந்திருப்பார், சாமி!” என்றாள்.