லீட்ஸ் நகரத்தில் ஒரு பருத்தி மடி



மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு சகோதரி, ‘என் மருமகள் கைக்குழந்தையை ஒரு பையில் போட்டு நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போகிறாள். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அச்சகோதரி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இதே வார்த்தைகளை, இதைவிடக் கடுமையாக, நான் பெற்ற மகளிடமே சொன்னவள் நான். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

எனக்கு வயது அறுபத்தொன்று. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கிராமம். என் ஒரே மகள் கல்யாணமாகி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக 2023 அக்டோபரில் நான் மட்டும் போனேன். அவருக்குச் சர்க்கரை, குளிர் ஆகாது. நவம்பர் முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். மாப்பிள்ளைக்கு ஆபீசில் இரண்டு வாரம் லீவு. அதன் பிறகு காலையில் போனால் இருட்டிய பின்தான் வருவார். இருட்டு என்றால் அங்கே டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும்!

நம் வீட்டில் பிள்ளை அழுதால் என்ன செய்வோம்? பழைய நூல் சேலையில் தூளி கட்டுவோம். நானும் பெட்டியில் இரண்டு சுங்குடிச் சேலை அதற்காகவே எடுத்துப் போயிருந்தேன். அங்கே போய் அண்ணாந்து பார்த்தால் உத்திரமும் இல்லை, கொக்கியும் இல்லை. அட்டை மாதிரி ஒரு கூரை. “ஆணி அடிச்சா கையோட பேந்து வந்துரும் அத்தை” என்றார் மாப்பிள்ளை. சேலை இரண்டும் பெட்டியிலேயே கிடந்தன.

பேத்தியோ சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை வீறிட்டு அழுவாள். மடியில் போட்டால் அழுவாள், கட்டிலில் விட்டால் இரண்டு மடங்கு அழுவாள். கையில் வைத்து நடந்தால் மட்டும் கொஞ்சம் அடங்குவாள். நானும் மகளும் மாறி மாறி நடப்போம். என் முழங்கால் வலி ஊரறிந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தான் உபயோகித்த பேபி கேரியர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் அதை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ன கோலம் இது? பஸ் ஸ்டாண்டுல ஊசிமணி பாசிமணி விக்கிறவங்கதான் இப்படித் துணியில பிள்ளையைக் கட்டிக்கிட்டுத் திரிவாங்க. படிச்ச பிள்ளை செய்யிற காரியமா?” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். ஊசிமணி விற்கும் அந்தப் பெண்கள் எப்படிப் பிள்ளையையும் பார்த்து வியாபாரத்தையும் பார்க்கிறார்கள் என்று அதுவரை ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பின் பத்து நாள் அவள் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள், குளியலறைத் தரையில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பிள்ளை உள்ளே மாப்பிள்ளையிடம் அழுதுகொண்டிருந்தது. “அம்மா, என்னால முடியலம்மா. சில நேரம் பிள்ளையைக் கீழ போட்டுட்டு எங்கயாவது போயிரலாம்னு தோணுது. நீ மார்ச்ல போயிருவ. அப்புறம் நான் என்ன செய்வேன்?” என்றாள். என் ஈரக்குலை நடுங்கிவிட்டது.

அந்நாட்டில் பிரசவமான வீட்டுக்கு ஹெல்த் விசிட்டர் என்று ஒரு நர்ஸ் வருவார். பிள்ளையின் எடையைப் பார்ப்பதோடு நிற்காமல், தாயிடம் ‘உன் மனசு எப்படி இருக்கிறது’ என்றும் உட்கார்ந்து கேட்பார். மகள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாள். அவர் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்ததுடன், ஒரு துண்டுச் சீட்டில் ஓர் இடமும் கிழமையும் எழுதிக் கொடுத்தார். ஸ்லிங் லைப்ரரி என்றார். லைப்ரரி என்றதும் புத்தகம் படிக்கவா இப்போது நேரம் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அது ஒரு சர்ச்சை ஒட்டிய கூடம். துணிக்கடையில் சுடிதார் தொங்குவது போல ஒரு கம்பியில் விதவிதமான துணிகளும் பட்டைகளும் தொங்கின. நடுவில் பாய்கள். ஓரத்தில் டீ, பிஸ்கட். பத்துப் பதினைந்து தாய்மார்கள், இரண்டு மூன்று தகப்பன்மார்கள், எல்லோர் நெஞ்சிலும் ஒரு பிள்ளை. நம்மூர் வாடகை நூலகத்தில் நாவல் எடுப்பது மாதிரி, இரண்டு வாரத்துக்குச் சிறு தொகை கட்டி ஒரு கேரியரை எடுத்துப் போகலாம். ஒத்துவரவில்லை என்றால் வேறு மாற்றிக்கொள்ளலாம். கடையில் புதிதாக வாங்கினால் கொள்ளை விலை. நடத்துகிறவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்ற சாதாரணப் பெண்கள், இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள்.

அன்று மகள் அலமாரியில் இருந்த அதே கேரியரில்தான் பேத்தியைப் போட்டு நடந்து வந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தார். பேத்தியைப் பார்த்தார். சிரிப்பு மாறவில்லை. ஆனால் கை மட்டும் சட்டென்று போய்ப் பிள்ளையின் முகவாயைத் தூக்கியது. பட்டை தொளதொளவென்று இருந்திருக்கிறது. பிள்ளை உள்ளே சரிந்து, முகவாய் நெஞ்சில் அழுந்தக் கிடந்திருக்கிறாள். நாங்களோ, ‘அப்பாடா, தூங்கிவிட்டாள்’ என்று சந்தோஷமாக நடந்து வந்திருக்கிறோம்!

பிறகு மகளை உட்கார வைத்து அவர் விளக்கினார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். பச்சைப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, தலை கனம். மூச்சுக்குழல் மெல்லிசாக இருக்கும். முகவாய் நெஞ்சில் படிந்தால் அந்தக் குழல் மடங்கிவிடும். துணி மூக்கை மூடினாலும் ஆபத்து. பிள்ளையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது, அழவும் முடியாது. சத்தமில்லாமலே முடிந்துவிடும். அமெரிக்காவில் இப்படிச் சில சிசுக்கள் இறந்துபோய், 2010-ல் அந்நாட்டு அரசே எச்சரிக்கை விட்டிருக்கிறது. முக்கியமாக நாலு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகள், குறைமாதப் பிள்ளைகள், சளி பிடித்த பிள்ளைகள் விஷயத்தில் கவனம் வேண்டும், டாக்டரைக் கேட்காமல் கட்டக்கூடாது என்றார்.

அவர் சொன்னதில் நான் மனப்பாடம் செய்துகொண்டது இது. துணி இறுக்கமாக இருக்க வேண்டும், நாம் கட்டிப்பிடித்திருப்பது போல. குனிந்தால் பிள்ளையின் முகம் எந்நேரமும் தெரிய வேண்டும். தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடைவெளி வேண்டும். முதுகு தாங்கலாக இருக்க வேண்டும். கால்கள் கயிறு மாதிரி நேராகத் தொங்கக்கூடாது. தொடை முழுக்கத் துணி தாங்கி, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை போல விரிந்திருந்தால்தான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. இதைச் சொன்னபோது எனக்குப் பொறி தட்டியது. நாம் ஒக்கலில் பிள்ளையை இடுக்குகிறோமே, கால்கள் அப்படித்தானே இருக்கும்!

கட்டிப் பழகுவதற்கு அங்கே பொம்மைகள் வைத்திருந்தார்கள். விளையாட்டுப் பொம்மை அல்ல, நிஜப் பிள்ளையின் கனம் இருக்கும். ‘உங்கள் ஊரில் எப்படிக் கட்டுவீர்கள்?’ என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு வெட்கம். மகளோ, “கட்டிக் காமிம்மா” என்று விடவில்லை. கரிசல்காட்டில் பருத்தி எடுக்கப் போகும்போது சேலையை மடியாகக் கட்டி அதில் பருத்தியைப் போடுவோம் அல்லவா? என் அம்மா அதே மாதிரி ஒரு துணியைத் தோளுக்குக் குறுக்கே கட்டி, என் தம்பியை ஒக்கலில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போவாள். அங்கே வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நிரைக்குப் போவாள். நாற்பது வருஷமாக மறந்திருந்ததை, அந்தச் சுங்குடிச் சேலையில் பொம்மையை வைத்துக் கட்டிக் காட்டினேன். கானா நாட்டுப் பாட்டி ஒருவர், அவரும் பேரனுக்காக வந்தவர்தான், எழுந்து வந்து என் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு அவர் தன் துணியை எடுத்துப் பொம்மையை முதுகில் போட்டு, முன்னால் செருகி, கையை விட்டுவிட்டு நின்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. சிரித்துக்கொண்டோம்.

என் கட்டில் குறையும் சொன்னார்கள். பெரிய பிள்ளைக்குச் சரி, கழுத்து நிற்காத பிள்ளைக்கு முதுகுத் தாங்கல் போதாது என்றார்கள். ஒப்புக்கொண்டேன். அந்தக் காலத்தில் செய்தது அத்தனையும் சரி என்று சாதிக்க நான் வரவில்லை. அப்போது எத்தனை வீட்டில் எத்தனை சிசுக்கள் போயின, காரணம் யாருக்குத் தெரியும்?

அங்கே தெரிந்துகொண்ட இன்னொன்று. மெக்சிகோவில் ரெபோசோ, கிழக்கு ஆப்பிரிக்காவில் காங்கா, கொரியாவில் பொதேகி, ஜப்பானில் ஒன்புஹிமோ என்று ஊருக்கு ஊர் இந்தத் துணிக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1960-களில் ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தொண்டு செய்யப் போயிருக்கிறார். அங்கே தாய்மார்கள் பிள்ளையை முதுகில் கட்டியிருப்பதையும் அப்பிள்ளைகள் அமைதியாக இருப்பதையும் பார்த்து, ஊர் திரும்பித் தன் மகளுக்காக அப்படி ஒன்றைத் தன் தாயாரைக்கொண்டு தைத்திருக்கிறார். 1969-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, அது ‘ஸ்னக்லி’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் இரண்டு டாக்டர்கள் 1986-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. அழாத நேரத்திலும் சேர்த்துத் தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாகச் சுமக்கச் சொன்ன பிள்ளைகள், ஆறு வார வயதில் மற்றப் பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்களாம். ‘தூக்கித் தூக்கிக் கெடுக்காதே’ என்று மகளிடம் சொன்ன என் முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

பேத்தி உடனே மந்திரம் போட்டது போல அழுகையை நிறுத்திவிட்டாள் என்று சொல்லமாட்டேன். குறைந்தது. மகள் டாக்டர் கொடுத்த சிகிச்சையையும் விடாமல் எடுத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் அவள் காலையிலேயே தலைவாரிக்கொள்வாள். அந்தக் கூடத்தில் அவளைப் போலவே குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். தாயிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொன்னாள். மார்ச் கடைசியில் நான் விமானம் ஏறியபோது, பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்து வழியனுப்பினாள். இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்தாள். நடுவில் பேத்தி.

ஊருக்கு வந்து மூன்று மாதம் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணின் மகளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து, அரசு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். எடை ஒன்றே முக்கால் கிலோ. “அக்கா, பிள்ளைய வெறும் மேலோட மார்ல கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றாங்க. எங்க அத்தை, மூச்சு முட்டிரும், கூடாதுங்கறாங்க” என்றாள். வா என்று நானே கூடப் போனேன்.

கங்காரு தாய் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஆரம்பித்தது. பிள்ளைக்குக் குல்லா, காலுறை, இடுப்புத் துணி மட்டும். அதைத் தாயின் இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பித் துணியால் கட்டுகிறார்கள். தாயின் சூடே பிள்ளைக்குச் சூடு. நம் நாடு உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்த உடனேயே இப்படி வைத்ததில் எடை குறைந்த சிசுக்களின் மரணம் கால் பங்கு குறைந்தது. பலன் கண்கூடாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2022-ல், தினம் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை கூடுதலாக வைக்கும்படி சொல்லியிருக்கிறது. அந்த வார்டில் ஏழு தாய்மார்கள் சாய்வு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூடவே ஊர்க்கதை, மாமியார் கதை, ஒருத்தி பிள்ளைக்கு எடை ஏறினால் மற்றவளுக்குச் சந்தோஷம். எனக்கு லீட்ஸ் கூடம்தான் ஞாபகம் வந்தது. டீ, பிஸ்கட் மட்டும் இல்லை.

அந்த மாமியார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள் குளிக்கப் போக வேண்டிய நேரத்தில், நர்ஸ் அவரையே உட்காரச் சொல்லி, கை கால் கழுவ வைத்து, பிள்ளையை அவர் நெஞ்சில் கட்டிவிட்டார். அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தார். மருமகள் வந்து கேட்டபோது, “இருக்கட்டும் தாயி, தூங்குது” என்றார். ஒன்றரை மாதத்தில் பிள்ளை இரண்டே கால் கிலோவைத் தாண்டியது.

இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்கள் கூடுகிறோம். கைப்பிள்ளைக்காரிகள் வருகிறார்கள், மாமியார்களும் வருகிறார்கள். நம் வெயிலுக்குப் பழைய நூல் சேலையே போதும். அடுப்பு கிட்டே மட்டும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கழுத்து நிற்காத பிள்ளை என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லுகிறேன். கடிதம் எழுதிய சகோதரிக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருமகள் கடைக்குக் கிளம்பும்போது, பிள்ளையின் முகவாய்க்குக் கீழே இரண்டு விரல் போகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்புங்கள்.

கனமுள்ள பொம்மைக்கு இங்கே எங்கே போவது? ஒரு சின்னத் தலையணை உறையில் மூன்று கிலோ அரிசியைக் கொட்டித் தைத்து வைத்திருக்கிறேன். எல்லோரும் அதைக் கட்டித்தான் பழகுகிறார்கள். போன வாரம் பார்த்தால் அரிசியில் வண்டு விழுந்திருக்கிறது. பிரித்துக் கொட்டி, வெயிலில் காய வைத்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி.