'மழை' என்று தேடினால் முடிவே வராதது ஏன்? சர்வரில் ஒளிந்திருந்த சிக்கலும், 'சோலர்' எடுத்த முடிவும்!

ஒரு நூலகத்தின் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் புத்தகத்தின் பெயரைப் போட்டால் உடனே வருகிறது. தமிழில் 'மழை' என்று போட்டால் 'முடிவுகள் இல்லை' என்கிறது. ஆனால், அந்தத் தலைப்பில் புத்தகம் இருக்கு! அப்போ தப்பு எங்கே?

முன்பெல்லாம், இதற்குச் சில நேரங்களில் காரணம் தேடும் மென்பொருள் அல்ல. அதைச் சுமந்து நின்ற 'கன்டெய்னர்'தான்.

சோலர் என்றால் என்ன?

பெயரைக் கேட்டு சூரிய மின்சாரம் என்று நினைக்க வேண்டாம். அப்பாச்சி சோலர் என்பது, இணையதளங்களுக்குள் தேடும் வசதியைத் தரும் இலவச மென்பொருள். அமெரிக்காவின் சிநெட் நிறுவனத்தில் 2004-ல் யோனிக் சீலி உருவாக்கியது. 2006-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது.

கன்டெய்னரின் வேலை என்ன?

ஹோட்டலை நினைத்துப் பாருங்கள். சமையலறையில் இருக்கும் மாஸ்டர்தான் சோலர். நம்மிடம் ஆர்டர் கேட்டு உள்ளே சொல்லும் சப்ளையர்தான் 'சர்வ்லெட் கன்டெய்னர்'. சப்ளையர் தப்பாகக் கேட்டுக்கொண்டு போனால், மாஸ்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தும் பயனில்லை.

இந்த வேலைக்கு ஜெட்டி, டாம்கேட் என இரண்டு மென்பொருட்கள் பிரபலம். சோலரின் மாதிரித் தொகுப்போடு ஜெட்டி சேர்ந்தே வந்தது. ஆனால், 'வார்' எனும் ஒரே கோப்பை எடுத்து டாம்கேட் உட்பட எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. கேட்க வசதியாகத்தான் இருந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

தமிழ் எழுத்து எப்படி உடைந்தது?

'மழை' என்ற சொல், யூடிஎஃப்-8 முறையில் 9 பைட்டுகளாகப் பயணிக்கிறது. டாம்கேட் 7 வரையிலான பதிப்புகள், இணைய முகவரியில் வரும் எழுத்துகளை ஐஎஸ்ஓ-8859-1 என்ற பழைய ஐரோப்பிய முறையில் படித்தன. அதில் ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து. ஆக, 'மழை' 9 கிறுக்கல் எழுத்துகளாக சோலரிடம் போய்ச் சேரும். அப்படி ஒரு சொல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முடிவு: பூஜ்யம்!

இதைச் சரிசெய்ய, டாம்கேட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு சிறு மாற்றம் போதும். ஆனால், அது தெரிந்தவருக்குத்தான் எளிது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு, இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது. டாம்கேட் 8 முதல் யூடிஎஃப்-8 இயல்பாகவே வந்துவிட்டது.

சோலர் என்ன முடிவெடுத்தது?

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனிக் கோளாறு. சோலரின் சோதனைகளோ ஜெட்டியில்தான் நடந்தன. எனவே, 2015-ல் வந்த சோலர் 5.0 முதல், 'வார்' கோப்பை வேறு கன்டெய்னரில் வைத்து ஓட்டும் முறைக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது. ஜெட்டி உள்ளேயே இருக்கும். ஒரே கட்டளையில் சோலர் இயங்கும். இயல்பான போர்ட் எண் 8983.

இதில் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. ஏற்கெனவே டாம்கேட்டில் பழகியவர்கள், கூடுதலாக இன்னொரு சர்வரையும் பராமரிக்க வேண்டிவந்தது. ஆனால், புதிதாக வருபவருக்கு 'எதைத் தேர்வு செய்வது?' என்ற குழப்பம் போனது.

எழுதி வைப்பது ஏன் முக்கியம்?

'எதிலும் ஓடும்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால், 'இதில்தான் சோதித்தோம், இதையே பயன்படுத்துங்கள்' என்பதுதான் உண்மையில் உதவும். அதோடு பதிப்பு எண், போர்ட், எழுத்துமுறை, நினைவக அளவு, யாருக்கு அனுமதி ஆகியவையும் ஆவணத்தில் இருக்க வேண்டும். சோலரை நேரடியாக இணையத்தில் திறந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அவசியம். 2022-ல் வந்த சோலர் 9, இயல்பாக அதே கணினியிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே ஏற்கிறது.

உங்கள் அலுவலகத் தளத்திலும் தேடும் வசதி இருக்கிறதா? தமிழில் ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். இருக்கும் தகவலை 'இல்லை' என்று சொன்னால், சப்ளையர் ஆர்டரைச் சரியாகக் கேட்டாரா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்!